கணக்கில் ஓடும் கார்

"அந்தக் காருக்கு என்ன வயசு?" என்பார் முதலில், என் தங்கை புருஷன். பரீட்சைக் கணக்குப் புத்தகத்தில் ஓடுகிற காருக்குத்தான். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்த கார், சர்வீஸுக்குப் பிறகு இருபத்தைந்து சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறதாம். பெட்ரோல் செலவு எத்தனை சதவீதம் குறையும்? கேள்வி அவ்வளவுதான். அவர் விடமாட்டார். "டயர்ல காத்து எவ்ளோ? ஏசி போட்டிருந்தானா? உள்ள எத்தன பேரு?"

வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் லாரி. சிக்னலில் என்ஜினை அணைத்துவிட்டு, மிச்சமான சொட்டுகளை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவனைக் கண்டால் போச்சு. "யாரு வீட்டு எண்ணெய்னு ஊத்துறான் பாரு!" என்று கண்ணாடியை இறக்கிக் கத்துவார்.

கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலைக்குப் பரீட்சை வைக்கிறார்கள். கிடைத்தால் ராத்திரி ஓட்டம் இல்லை. வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. போன தடவை விடை எழுதுகிற இடத்தில், "ரோடு எப்படி என்று சொல்லவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஆள். மூன்றாவதுதான் கடைசி.

அது இன்று மதியம். போகிற வழியில் தங்கையோடு என் பட்டறையில் வந்து நின்றார். நான் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தேன்.

"இருபத்தஞ்சு கூடுனா இருபத்தஞ்சு குறையும். இதுல என்ன பெரிய கணக்கு?" என்றார்.

"தப்பு" என்றாள் தங்கை. எனக்கும் இருபத்தைந்துதான் தோன்றியது. நட்டைத் திருகுவதில் கவனமானேன்.

"அப்ப ரோடு மோசம்."

"ஏங்க, அது நம்ம காரு. நல்ல ரோடு. காத்து நானே அடிச்சேன். உள்ள நீங்களும் நானும் மட்டும்தான். போதுமா? எண்பது கிலோமீட்டர் போறோம்."

"எங்க போறோம்?"

"எங்கயோ! ஓட்டுங்க!"

கண்ணை மூடிக்கொண்டார். கை தானாக ஸ்டீயரிங் பிடித்தது. "முன்னாடின்னா அஞ்சு லிட்டர் குடிச்சிருக்கும். இப்ப லிட்டருக்கு இருபது குடுக்குது. நாலு போதும். அஞ்சுல ஒண்ணு மிச்சம்..." கண் திறந்தது. "இருபது! மச்சான், இருபது சதவீதம்தான்!"

"மெதுவா மாப்ள, எனக்குக் காது கேக்கும்" என்று வெளியே ஊர்ந்து வந்தேன். எழுவதற்குள் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். விழுந்துவிடக் கூடாதே என்று நானும் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, சட்ட!" என்று அலறினாள் தங்கை. தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை.

"மார்க்கு சட்டைக்கா போடப்போறான்?" என்றார் அவர்.

முதுகில் என் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்திருக்க, பெரிய இடத்துச் சவாரிக்குத் திறப்பதுபோலக் குனிந்து, என் தங்கைக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.