பட்டியலில் பத்தொன்பது தந்தையர்

லோகேஸ்வரி இரும்பு அடிக்கோலைக் கணினித் திரையின்மேல் கிடையாக வைத்து, ஒரு பெயரை வாய்விட்டுப் படித்த பின்னரே அடுத்த வரிக்கு இறக்குகிறார். படிக்காத பெயரை அவர் எண்ணுவதில்லை.

"அக்கா பெரட்டு எடுக்கறாங்க, யாரும் ஓடிறாதீங்க லா!" என்று எதிர் மேசை அன்பரசி கூவுவார். தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டு ஆளெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர்.

"கூப்பிட்டா ஆளு வரணும்மா. வராத ஆளுக்குப் பேரு எதுக்கு?" என்பார் லோகேஸ்வரி. கோல் இம்மியும் அசையாது.

மலேசியாவின் வட சிலாங்கூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் திட்டப் பிரிவில் அவர் எழுத்தர். வயது நாற்பத்து நான்கு. புக்கிட் பெருந்துங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். நனைந்த மழைச்சட்டையை நாற்காலி முதுகில் காயப்போடும் வழக்கத்தை எந்தச் சுற்றறிக்கையாலும் மாற்ற இயலவில்லை. பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பும் படிவம் அவர் பொறுப்பு. ஒரு விரிவுரையாளருக்கு உரிய மாணவர் தொகை குறையக் குறைய, வரிசையில் இடம் உயரும்.

சென்ற ஆண்டு உயர்ந்தது. கேக் வெட்டினார்கள், லோகேஸ்வரிக்குச் சட்டமிட்ட பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அந்த ஆண்டு மட்டும், கெடு நெருங்கிவிட்டதென்று கோலைத் தொடாமல், கணினி கூட்டிக்கொடுத்த 212 விரிவுரையாளர் என்ற எண்ணை அப்படியே எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

இவ்வாண்டும் கணினி அதே 212ஐக் காட்டியது, ஆனால் இம்முறை கோல் வெளியே வந்தது. நூற்று நாற்பதாவது வரியில் "சன்னாசி" என்று படித்தவர் நின்றுவிட்டார். அந்தப் பெயரில் ஒரே ஒருவரைத்தான் அவருக்குத் தெரியும். பொறியியல் துறை விரிவுரையாளர் சுகுமாறனை அழைத்தார். இருவரும் கோலா சிலாங்கூர்ச் சாலையோரம் ஒரே செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள்.

"அண்ணே, நம்ம சன்னாசி மாமா இங்க முழுநேர லெக்சரரா இருக்காரு, தெரியுமா?"

"எங்கப்பாவா? அவரு போயி எட்டு வருசமாச்சே! சம்பளத்த யாரு வாங்குறா?" என்று சிரித்த குரல் சட்டென்று அடங்கியது. "குலை வெட்டுன மனுசன் லோகா. கைநாட்டுதான் வைப்பாரு."

சம்பளப் பட்டியலில் அவர் சுகுமாறன். ஆராய்ச்சிக் கட்டுரைப் பட்டியலிலோ தந்தை பெயரைக் குடும்பப் பெயரென்று கொண்டு முன்னே போட்டிருந்தார்கள். இரண்டையும் இணைத்த கணினி ஒருவரை இருவராக்கிவிட்டது. மதிய உணவுக்குள் இப்படி உத்தியோகம் பெற்ற பத்தொன்பது தந்தையரைக் கண்டுபிடித்தார் லோகேஸ்வரி. மெய்யான தொகை 193.

பிரிவுத் தலைவர் திவாகரன் கெட்டவரல்லர். லோகேஸ்வரியை வேலைக்கு எடுத்தவரே அவர்தாம். இம்மாதக் கடைசியில் முடியும் லோகேஸ்வரியின் வேலை ஒப்பந்தம், புதுப்பிக்கும் கையொப்பத்துக்காக அவர் மேசையில் கிடந்தது.

"ஏம்மா, எல்லாரும் கொஞ்சம் ஊதித்தான் அனுப்புறான். அவனுங்க இங்க வந்து தலைய எண்ணப் போறானுங்களா?"

"நான் எண்ணிட்டேனே சார்."

"போன வருசம் சைன் வச்சது நீ. இப்ப மாத்துனா உன் பேருதான் கெடும்."

"கெடட்டும் சார். இந்த நம்பரப் பாத்துத்தான் தோட்டத்துப் பிள்ளைங்க கடன் வாங்கிச் சேருதுங்க."

திவாகரன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். கையொப்பமிடாமல் இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"உன் பேர்லயே அனுப்பிக்க. என்னைக் கேக்காத."

லோகேஸ்வரி தம் இடத்துக்குத் திரும்பிப் படிவத்தில் 193 என்று எழுதினார். சென்ற ஆண்டின் எண்ணையும் திருத்தி, காரணம் கேட்ட கட்டத்தில், "சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன், பிழை என்னுடையது" என்று குறித்தார். பிறகு படிவத்தோடு போகவேண்டிய பட்டியலில் கோலை வைத்து, மிகையான பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து நீக்கலானார்.

பதினெட்டு போயிற்று. கோல் சன்னாசியின் வரியில் வந்து நின்றது. லோகேஸ்வரி மேசைக்கடியில் செருப்புகளைக் கழற்றி ஒதுக்கினார். வெறுங்காலைத் தரையில் ஊன்றி, "சன்னாசி மாமா" என்று படித்துவிட்டு, விசையை அழுத்தினார்.