கலியாணக் கார்ட்டில் ஒரு வரைபடம்

போன வாரம் ஒரு படிவம் நிரப்பினேன். வவுனியாவில் ஒரு பாடசாலை மலருக்கு அட்டை வடிவமைக்க ஆள் தேடினார்கள். பெயர், படிப்பு, அனுபவம்... எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். ஏ.எல். கணிதம். ஆறு மாதக் கொம்பியூட்டர் வகுப்பு. சொந்தக் கடை இல்லை, சொந்தக் கொம்பியூட்டரும் இல்லை — படித்த வகுப்பிலேயே மத்தியான இடைவேளையில் வாடகைக்கு உட்காருகிறேன். ஒரு சைக்கிளும் இரண்டு பிளொப்பியும்தான் என் அலுவலகம்.

அடுத்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ‘நீங்கள் வேலை செய்யும் முறை என்ன?’

முறையா? அது எனக்கு ஒரு பிழையால் வந்தது.

போன வருஷம் திரேசா அன்ரியின் மகளுக்குக் கலியாணம். முல்லைத்தீவுக் கரையில் வலை, தோணி என்று இருந்த குடும்பம். இப்போது வவுனியாவில் வாடகை வீடு. நாற்பது கார்ட் என்னிடம் கேட்டார். அத்தனையும் கரையிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரருக்கு. அங்கே போய்வர ஆமி தரும் பாஸ், அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டும்; வழியில் சோதனைச் சாவடியும் உண்டு. அன்ரி தானே கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும் — முக்கியமாகத் தன் மூத்த அண்ணருக்கு. தபாலில் வந்த கார்ட்டை அவர் பிரித்தும் பார்க்க மாட்டாராம்.

எனக்கோ கை துருதுருவென்று இருந்த காலம். வெளிநாட்டுக் கார்ட் ஒன்றில் வழிப்படம் பார்த்திருந்தேன். விடுவேனா? மடிப்புக் கார்ட்டின் பின்தாளில், வவுனியா பஸ் நிலையத்திலிருந்து கோயில் வரை ஒரு வரைபடம். சந்திகள், குளக்கட்டு, பாலம்... வழி தவறக் கூடாதே என்று ஆமி சென்றி என்கிற காவலரண் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிச் சிவப்புக் கொடி!

அன்ரி புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் கார்ட்டுகளோடு போனேன். ஆசையாகத் திறந்தார். பின்தாளைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

“தம்பி, உது என்ன?”

“வழிப்படம் அன்ரி. பஸ்ஸால இறங்கிறவை ஒருத்தரையும் கேக்காமல் கோயிலுக்கு வந்திடலாம்.”

“இந்தச் சிவப்புக் கொடி?”

“சென்றி...”

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஒரு டோர்ச் பற்றரிக்கே விளக்கம் சொல்ல வேண்டிய இடம் அது. அங்கே சென்றி குறித்த வரைபடம் — அதுவும் நாற்பது!

“நல்லாய்த்தான் படிச்சிருக்கிறீர் மோனை,” என்றார் அன்ரி. “பொம்பிளை கோயில்ல, தாய் மறியல் கம்பிக்குள்ள. உதுதானோ உம்மட பிளான்?”

உள்ளேயிருந்து மணமகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“வேற அடிச்சு நாளையிண்டைக்குத் தாறன் அன்ரி.”

“பாஸ் நாளைக்குக் காலமைக்கு. விட்டால் திரும்ப எப்ப தருவினமோ?”

“அப்ப வாயால சொல்லுங்கோவன். அவைக்கு இங்கால வரப் பாஸ் கிடைக்கிறதும் கஷ்டம்தானே...”

“வாறதும் வராததும் பாஸ் குடுக்கிறவையின்ர கையில. கார்ட் குடுக்காமல் விட்டால், அது என்ர பிழை.”

நான் பிளேட் கேட்டேன்.

அன்ரி, மகள், நான் — மூவருமாக நாற்பது பின்தாள்களையும் மடிப்போடு வெட்டியெடுத்தோம். அன்ரி அவற்றைக் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். என் மூன்று நாள் உழைப்பு ஒரு தேத்தண்ணிக்கு விறகாயிற்று. அந்தத் தேத்தண்ணியையும் எனக்கே தந்தார்.

பத்து நாளில் சுகமாகத் திரும்பி வந்தார்.

“அண்ணர் கேட்டவர், கார்ட் ஏன் ஒற்றைத் தாளாய் இருக்கெண்டு.”

“என்ன சொன்னீங்கள்?”

“இப்ப வவுனியாவில இதுதான் மொடல் எண்டனான்.”

கலியாணத்துக்கு அண்ணர் வரவில்லை, பாஸ் கிடைக்கவில்லை. ஆனால் கார்ட்டைத் தன் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்.

நிறத்தைப் பற்றி, எழுத்தைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறோம்! அந்தத் தாள் யாருடைய பையில், எந்தப் பாதையால் போகப்போகிறது என்று யோசிக்கிறோமா? இப்போது யார் வேலை கொண்டுவந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். பிறகுதான் கொம்பியூட்டரைப் போடுகிறேன்.

நான் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால்... அன்று பிளேட்டால் செய்ததுதான்.