கிழிக்காமல் விட்ட பக்கம்

கஸ்பாருக்கு அறுபத்தொரு வயது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முப்பத்திரண்டு வருடம் கிரேன்களுக்குப் புரோகிராம் எழுதியவர். கிரேன் எவ்வளவு எடை தூக்குகிறது என்று அளந்து, எல்லை மீறினால் தானாக நிறுத்திவிடும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அந்தப் பெட்டிகளில் பாதி அவர் கைபட்டவை.

அந்தக் காலத்தில் பெட்டியோடு தடித்தடியாக மேனுவல் வரும். கப்பலில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தால் முதலில் மைவாசனைதான் வரும். மடியில் வைத்து பஸ்ஸிலேயே படிப்பார். இப்போது நெட்டில் தேடினால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள், மேனுவல் ஒன்றைத்தான் சொல்லும், அது சரியாக இருக்கும் என்பது அவர் கட்சி. அப்படி நினைக்கும் பழைய புரோகிராமர்கள் பத்தொன்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். யாராவது ஒரு பழைய பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். "இந்தப் பக்கத்தால மூணு நாள் தூக்கம் போச்சு மாமு" என்று ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் இதயம் போடுவார்கள்.

மேனுவல்கள் வளையம் வைத்த ஃபைலில் இருக்கும். கம்பெனி எதையாவது மாற்றினால் புதுப் பக்கத்தைத் தபாலில் அனுப்பும். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை மாட்டு என்று கூடவே ஒரு தாள் வரும். எல்லோரும் அப்படியே செய்தார்கள். கஸ்பாரும் செய்தார், ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. அந்தப் பக்கத்தின் ஓரமெல்லாம் ஞானத்தின் பென்சில் எழுத்து. ஞானம் அவரோடு வேலை பார்த்த சிநேகிதர். மஞ்சள் காமாலையில் முப்பத்தோரு வயதில் போய்விட்டார். திருத்தப் பக்கம் அடுத்த மாதம் வந்தது. கஸ்பாருக்குக் கிழிக்க மனம் வரவில்லை. புதுப் பக்கத்தை ஃபைலின் பின்னட்டைப் பையில் செருகினார். கொஞ்ச நாள் ஞாபகம் இருந்தது. பிறகு மறந்துபோனது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாயா போன் செய்தாள். வியாசர்பாடிப் பெண். சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கிடங்கில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"சார், பெட்டி மெமரி மொத்தமா காலி. பத்து டன் கிரேனுக்கு இன்னா நம்பர் போடணும்னு தெர்ல. அந்த கம்பெனியே மூடிட்டானாம். நெட்ல ஒண்ணியும் காணோம்."

"நெட்ல எப்பிடிம்மா இருக்கும்? எங்கிட்ட புக்கு கீது."

"புக்கா? இன்னும் வெச்சிகினு கீறீங்களா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து வெச்சிகினு கீறேன். இரு."

ஃபைலைத் திறந்தார். ஞானத்தின் எழுத்து இருந்த பக்கம் தானாக விரிந்தது. பத்து டன்னுக்கு 200. படம் எடுத்து மாயாவுக்கு அனுப்பினார். அதே படத்தைக் குழுவிலும் போட்டார். "முப்பது வருஷம் கழிச்சும் புக்கு தான் கைகொடுக்குது." இதயங்கள் வந்துகொண்டே இருந்தன. கிடங்கில் அன்று லாரிகள் வரிசையில் நின்றன. மாயா எண்ணைப் போட்டாள், கிரேன் ஓடியது.

ஒன்பதாம் நாள் கிரேனின் கம்பிக்கயிறு அறுந்தது. கீழே நின்ற செல்வநாதன் அந்த இடத்திலேயே செத்துப்போனார். மூலக்கொத்தளத்தில் அடக்கம். கிரேன் ஓட்டிய வெற்றி என்ற பையனைப் போலீஸ் பிடித்துப் போனது. பத்து டன் கிரேனில் பதினாலு டன் தூக்கினான் என்று வழக்கு.

அங்கே கட்டுக்கட்டாக வரும் தகடுகளுக்குச் சரியான எடை யாருக்கும் தெரியாது. மெதுவாகத் தூக்கிப் பார்ப்பார்கள். பெட்டி நிறுத்தினால் இரண்டு தகட்டைக் குறைப்பார்கள். நிறுத்தாவிட்டால் சரி என்று அர்த்தம். வெற்றியும் அப்படித்தான் தூக்கினான்.

மாயா மறுபடி போன் செய்தாள்.

"பெட்டி நிறுத்தவே இல்லன்றான் சார் வெற்றி. நம்பரு கரீட்டு தானே?"

"புக்குல கீறது தப்பாகாதும்மா" என்றார் கஸ்பார்.

சொன்ன பிறகு குழுவைத் திறந்து அந்தப் படத்தைத் தேடினார். இதயங்களுக்கு அடியில், அவரோடு அந்தக் காலத்தில் வேலை பார்த்த சாவியோ எழுதிய ஒரு வரி இருந்தது. அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எழுதியது. "டேய், இது பழைய பக்கம்டா. திருத்தம் வந்துச்சே, நம்பரு பாதியாச்சே. நீ மாத்தலியா?" கஸ்பார் இதயங்களைப் பார்த்திருந்தார். வரியைப் படிக்கவில்லை.

பின்னட்டைப் பையில் கைவிட்டார். புதுப் பக்கத்தில் பத்து டன்னுக்கு 100. அந்தப் பெட்டியில் 200 போட்டால் இருபது டன் வரைக்கும் அது நிறுத்தாது.

சாவியோவும் பேப்பரில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"நான் எழுதினத அழிச்சிட்டேன்டா. நீயும் படத்த தூக்கிடு. அத்தோட போச்சு."

"அந்தப் பையன் உள்ள கீறான்டா."

"அவன் இன்னா உன் மச்சானா? உனுக்கு சுகரு வேற. ரெண்டு நாள் உள்ள வெச்சா தாங்குவியா?"

மனைவி ஹில்டா நெத்திலி ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "அந்தப் பையனுக்குக் கொழந்த குட்டி கீதா?"

"தெரியல."

"தெரிஞ்சிக்காதீங்க. தெரிஞ்சா போயிடுவீங்க."

தெரிந்துகொள்ளாமலேயே மறுநாள் காலை ஃபைலை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். விசாரணை அதிகாரி இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"சரி. பெட்டியில நம்பர் போட்டது யாரு?"

வழியெல்லாம் கஸ்பார் தன் தப்பை மட்டும்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. மின்விசிறியைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் வெற்றி வெளியே வர மாட்டான்.

"மாயான்னு ஒரு பொண்ணு. நான் அனுப்பிச்ச நம்பரதான் போட்டுச்சி. போட்டப்புறம் எடைய மாட்டி சோதிச்சிப் பாக்கணும். அத நான் சொல்லல. அதையும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். கஸ்பாரை வழக்கில் சேர்த்தார்கள், மாயாவையும் சேர்த்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். கிடங்குக்காரர்கள் அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்க கஸ்பார் கூப்பிட்டபோது அவள் திட்டவில்லை. "புக்கப் பத்தி எனக்கு இன்னா சார் தெரியும்? நான் உங்கள நம்பினேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஃபைல் போலீஸ் கையில் போய்விட்டது. அவர் குழுவிலிருந்தும் விலகிவிட்டார்.

நாலாம் நாள் வெற்றியை விட்டார்கள். கஸ்பார் ஜெயில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். தாடியோடு வந்தவன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நீதானா அந்த புக்கு ஆளு?"

"நான்தாம்பா."

"செல்வநாதன் வூட்டுக்குப் போனியா?"

"இல்ல."

"போலீஸு என்னிய வண்டில ஏத்தறப்ப அவரு பொண்டாட்டி மூஞ்சில காறித் துப்புச்சி. நான் கொன்னுட்டேனாம். போலீஸ்ல நீ எழுதிக் குடுத்தது அதுக்கு எப்பிடித் தெரியும்? நீ போய் சொல்லு."

கஸ்பார் வீடு எங்கே என்று கேட்டார். வெற்றி தெருப் பேரைச் சொன்னான், எந்த முனையில் திரும்ப வேண்டும் என்றும் சொன்னான். கூட வரவில்லை. கஸ்பார் ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தார்.