நீலக் காருக்குப் பிலிம் ஒட்டுவதா, வேண்டாமா

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கார் வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. வாங்கியது என்னவோ உண்மை, ஆனால் அதில் ஏற எங்கள் யாருக்கும் அனுமதி இல்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் ஆட்டோவே முக்கி முனகித்தான் நுழையும். அதனால் கார், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருடைய சுக்கு மூட்டை அடுக்கும் கோடவுனின் முற்றத்தில் நின்றது. அம்மாவின் பழைய சேலைகள் மூன்றை ஒன்றாகத் தைத்து அதற்குப் போர்த்தியிருந்தார்கள். பள்ளி விட்டு வரும்போது நான் சேலையைத் தூக்கிப் பார்ப்பேன். அடர் நீலம், உள்ளே சுக்கு வாசனை. அப்பாவுக்கோ பிடித்த நிறம் வெள்ளை. பிடிக்காத நிறத்தில் எதற்குக் கார் வாங்கினார் என்று கேட்டால், வெள்ளை சீக்கிரம் அழுக்காகிவிடும் என்றார் அம்மா. மாநகராட்சிக் குப்பை லாரியை இருபது வருடமாக ஓட்டுகிறவருக்கு அழுக்கைக் கண்டு என்ன பயம்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிலிம் பேச்சை ஆரம்பித்து வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் அவர் கண் முன்னால்தான் கப்பலில் இருந்து இறங்குகிறது என்பதால், எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ரோட்டில் முன்னால் போகிற வண்டி கல்லைத் தெறிக்கவிட்டால் பானெட்டில் பெயிண்ட் பொட்டுப் பொட்டாகப் போய்விடும், அதைத் தடுக்கக் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் இருக்கிறது, உடனே ஒட்டியாக வேண்டும் என்றார்.

அப்பா யோசித்தார். எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் காலையில் ஒட்டலாம் என்பார், மாலையில் வேண்டாம் என்பார். வண்டி என்றால் கல் படத்தான் செய்யும் என்று அவர் சொல்லி முடிக்கும் முன் மாமா குறுக்கே விழுந்தார்.

"மச்சான், இது கல்யாணத்தன்னிக்கு அவங்க முற்றத்துல போய் நிக்கற வண்டி. ஒரு பொட்டு இருந்தாலும் குறைச்சல் நமக்குத்தான்."

கல்யாணம் அக்காவுக்கு. ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை வீடு பாலக்காட்டுப் பக்கம், சித்திரையில் முகூர்த்தம். கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் அந்தக் காரில் போவோம், அவர்கள் முற்றத்தில் நிறுத்துவோம், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம் என்று நான் கணக்குப் போட்டேன். ஜன்னல் ஓர இடத்தைக்கூட எனக்கு எடுத்து வைத்திருந்தேன்.

பைபாஸில் இருந்த பிலிம் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். கடைச் சேட்டன் பிலிம் ஒட்டிய பழைய பானெட் ஒன்றைக் காட்டி, என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்.

"மோளே, வரச்சு நோக்கு."

கீறிப் பார்க்கச் சொல்கிறார். காரைக் கீறினால் அடிதான் விழும் என்று வளர்ந்த பிள்ளை நான். அப்பாவைப் பார்த்தேன், அவர் தலையாட்டினார். பயந்து பயந்து கீறினேன். சேட்டன் அதன் மேல் வெந்நீரை ஊற்றினார், கோடு மெல்ல மெல்ல மறைந்து போயிற்று. மாமா தானே கண்டுபிடித்த மாதிரி எங்களைப் பார்த்தார். ஆனால் எனக்குக் குழப்பம் கூடிப்போனது. ஒட்டினாலும் தெரியாது, ஒட்டாவிட்டாலும் தெரியாது என்றால், ஒட்டியிருக்கிறது என்று யார் நம்புவார்கள்? அதை நான் கேட்டபோது அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு அம்மா குறுக்கே நின்றார். மாரியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டபோது, பூசாரி பானெட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார். பிலிம் ஒட்ட வேண்டுமானால் அதைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். பூசைப் பொட்டு எங்கள் வீட்டில் தானாக உதிர வேண்டுமே தவிர, யாரும் துடைக்க மாட்டார்கள். துடைத்தால் போகிற இடத்தில் நல்லது நடக்காது என்பது அம்மாவின் கட்சி. பொட்டோடு சேர்த்து ஒட்டச் சொன்னால் என்ன என்று மாமா போனில் கேட்டார். சந்தனம் காலத்துக்கும் உள்ளேயே கிடக்கும் சேட்டா, என்று கடையிலிருந்து பதில் வந்தது. மண்டையைப் பிய்த்துக்கொண்ட மாமா, எங்களில் யாரையும் கேட்காமல் மாப்பிள்ளை வீட்டுக்கே போன் போட்டார். பிலிம் வேண்டுமா என்று அவர்களையே கேட்டுவிட்டார்.

மறுநாள் பதில் வந்தது. பானெட்டுக்கு மட்டும் போதாது, கார் முழுக்க ஒட்டிவிடச் சொல்லுங்கள், பொட்டையெல்லாம் கழுவிவிடுங்கள், இங்கே வந்ததும் நாங்கள் வேறு பூசை போட்டுக்கொள்கிறோம் என்றார்களாம். இதைச் சொல்லும்போது மாமா சாயா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். எங்கள் காருக்கு அவர்கள் எதற்குப் பூசை போட வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன், அம்மா போன வேகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அக்கா பேசினாள். அத்தனை நாளும் அவள் பிலிமைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்பா, நாளைக்கு அங்க வெச்சு இதுல ஒரு கீறல் விழுந்தா, யாருகிட்ட கேப்பாங்க?"

இது ஒரு கேள்வியா? ஓட்டினவரிடம் கேட்பார்கள். நான் அதைச் சொல்வதற்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா லீவு போட்டார். எனக்கும் பள்ளி வேண்டாம் என்றார். எல்லோரும் காரில் ஒரு சுற்று போகலாம், ஆனால் பத்து மணி தாண்டட்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரம் முடிந்தால்தான் டிப்பர் லாரிகளை ரோட்டில் விடுவார்கள் என்றார். டிப்பர் வராத நேரத்தில் போவதுதானே நல்லது?

அக்காவை முன்னால் உட்கார வைத்தார். தோப்பும்படி தாண்டி, தீவைத் தாண்டி, பாலங்கள் ஏறி கண்டெய்னர் ரோட்டுக்குப் போனோம். அங்கே ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று, மேலே தார்ப்பாய்கூட இல்லாமல் ஆடி ஆடிப் போனது. ரோட்டில் எத்தனையோ இடம் இருந்தது. அப்பா நேராக அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். முதல் கல் பட்டபோது அம்மா என் கையைப் பிடித்தார். இரண்டாவது, மூன்றாவது. "அப்பா, தள்ளிப் போங்க" என்று நான் கத்தினேன். அவர் தள்ளவில்லை. அக்கா முதலில் அசையாமல் இருந்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

சாயங்காலம் கோடவுன் முற்றத்துக்கு வந்த மாமா பேயறைந்த மாதிரி நின்றார். பானெட்டில் ஏழு இடத்தில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. சந்தனப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"அவங்ககிட்ட சொல்லிரு," என்றார் அப்பா. "வண்டி அங்க வராது. அது இல்லாம பொண்ணு வேணும்னா பேசலாம்."

மாமா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா அன்று பாயசம் வைத்தார், அழுதுகொண்டே வைத்தார். நான் அந்த ஏழு பொட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இனியாவது பிலிம் ஒட்டலாமே என்று அப்பாவிடம் கேட்டேன்.

"எதுக்கு மோளே? இது நம்ம வண்டி."

அது நம்முடைய வண்டி என்று அவர் சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். வாங்கிய அன்று சொல்லாததை, கெட்டுப்போன அன்று ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவும் அக்காவும் கிண்ணத்தில் பாயசத்தோடு காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் வெளியே நின்று, புதுக் காருக்கு வந்த கதியை நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.