நீல வீட்டுக்கு நான்கு நட்சத்திரம்

எங்கே போனாலும் அந்த இடத்துக்கு நட்சத்திரம் போடுவது என் பழக்கம். ஓட்டல், பல் மருத்துவர், பெட்ரோல் பங்க், கோயில் என்று எதையும் விட்டதில்லை. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக வந்து, கச்சிபௌலியில் பதினான்காவது மாடியில் குடியிருக்கிறவனுக்கு ஹைதராபாத்தோடு இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். மேப்பைத் திறந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பதக்கம் தெரியும். அதை மனைவியிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அந்தக் கிராமத்துக்கு முதலில் போனது வழி தவறித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங் ரோட்டைத் தாண்டி ஓர் அணையைப் பார்க்கக் கிளம்பி, எங்கோ தப்பாகத் திரும்பிவிட்டோம். தார் ரோடு மண்பாதையாகி, மண்பாதை ஓர் ஏரிக்கரையில் போய் முடிந்தது. கரையில் முப்பது வீடுகள் இருந்தால் அதிகம். பின்னால் பெரிய பெரிய பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அதில் ஒரு பாறையின் அடியிலேயே ஒண்டிக்கொண்டு, நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீடு. வாசலில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் சீதாப்பழங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெலுங்கு பேச வராது. நிதானமாகச் சொன்னால் கொஞ்சம் புரியும். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். தெலுங்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள்தான் வழி கேட்டாள். அந்த அம்மாள் வழி சொன்னார், சொம்பில் தண்ணீர் கொடுத்தார், என் மனைவியின் துப்பட்டாவில் ஏழெட்டுப் பழங்களைக் கொட்டினார். ரூபாய் நோட்டை நீட்டியதும் கையைத் தள்ளிவிட்டார். மகளை நீலச் சுவரின் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே மேப்பில் குறி வைத்தேன். "யாருக்கும் தெரியாத கிராமம்" என்று எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி போட்டேன். நான்கு நட்சத்திரம். கழிப்பறை வசதி இல்லை என்று ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். குறி சரியாக அந்த வீட்டு வாசலிலேயே விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் வருகிறவர்கள் எங்களைப்போல் அலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

மாதாமாதம் மின்னஞ்சல் வந்தது, உங்கள் படத்தை இத்தனை பேர் பார்த்தார்கள் என்று. ஆபீஸில் பக்கத்து டீம் வண்டி வைத்துக்கொண்டு போய்வந்தது. அப்புறம் கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்கிற ஜோடிகள், பைக் கும்பல்கள். எல்லாவற்றையும் நான் ஆபீஸ் வண்டியில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: "இடம் சூப்பர். ஆனால் நீல வீட்டு அம்மாவுக்கு மரியாதை தெரியவில்லை. மாடியில் ஏற விடவில்லை. ஒரு நட்சத்திரம்." எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாளுக்காக என்று சொல்ல ஆசைதான். என் கடையை யாரோ குறை சொன்ன கோபம் அது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மனைவிதான் ஆரம்பித்தாள். "என்னங்க, அந்த ஏரிக்கரைக்கு மறுக்கா ஒருவாட்டி போலாமுங்களா?"

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே கார்கள் நின்றன. இறங்கி நடந்தோம். ஏரிக்கரையில் துணி துவைக்கிற படிகளில் ஒரு ஜோடி கவுனும் கோட்டுமாக நின்றது. துவைக்க வந்த மூன்று பெண்கள் மூட்டையோடு ஓரமாகக் காத்திருந்தார்கள். நீல வீட்டைக் காணவில்லை. அங்கே வெள்ளையடித்த ஒரு வீடு இருந்தது. வெள்ளைக்கு அடியில் நீலம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. வாசலில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். நான்கைந்து இளைஞர்கள் முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று, போனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் பக்கவாட்டுச் சந்திலிருந்து குடத்தோடு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மகளைத் தெரிந்தது. "மல்லொச்சினவா பிட்டா?" என்றார். மறுபடி வந்தாயா குழந்தை என்று அர்த்தம். சொன்னபோது கொஞ்சம் சிரித்தார். எங்களைப் பின்வழியாக உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே பகலிலேயே இருட்டு. ஜன்னல்களில் சாக்கு தொங்கியது. முன்கதவைச் சாத்தி, அதன் மேல் கட்டிலை முட்டுக்கொடுத்திருந்தார்கள். கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, ஆறு மாதமாகிறது. அந்த அம்மாள் சொல்லச் சொல்ல மகள் எங்களுக்குச் சொன்னாள். கதவு திறந்திருந்தால் உள்ளே வந்துவிடுகிறார்களாம். ஒரு நாள் இவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருவன் வாசலில் நின்று படம் எடுத்தானாம். வீட்டின் பின்பக்கத்தைக் கழிப்பறையாக்கிவிட்டார்களாம். சுவருக்கு வெள்ளையடித்தும் வருகிறார்கள், நீல வீடு எங்கே என்று கதவைத் தட்டிக் கேட்கிறார்கள். இப்படியே போனால் தீபாவளிக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தங்கள் மகள் ஊருக்குப் போய்விட வேண்டியதுதானாம். கணவருக்கோ இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. போகிற பேச்சை எடுத்தால் அந்த ஒரு பக்கக் கண்ணில் தண்ணீர் வருகிறது.

பிறகு அந்த அம்மாள் என்னைக் காட்டி என்னவோ கேட்டார்.

"சம்படி புட் தேர் ஹவுஸ் இன் த ஃபோன்," என்றாள் மகள். "யூ வொர்க் இன் கம்ப்யூட்டர்ஸ் நா, அப்பா. அது யாருன்னு ஃபைண்ட் பண்ணி, ரிமூவ் பண்ணச் சொல்லணுமாம்."

என் மனைவி தரையைப் பார்த்தாள்.

"பார்க்கறேன்னு சொல்லு கண்ணு," என்றேன்.

மகள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பினாள். "மா நான்னே பெட்டாரு," என்றாள். எங்கப்பாதான் வைத்தார். அந்த அளவு தெலுங்கு எனக்குப் புரியும்.

அவமானத்தில் கூனிப்போனேன் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நேரம் மடித்து உட்கார்ந்த கால்போல உள்ளே எல்லாம் மரத்திருந்தது. போனை எடுத்து அந்த அம்மாளின் கண் முன்னாலேயே என் குறியை அழித்தேன். என் படம் போயிற்று, நட்சத்திரம் போயிற்று. அதே இடத்தில் வேறு யார் யாரோ வைத்த ஐந்தாறு குறிகள் அப்படியே நின்றன. அவற்றை நான் தொட முடியாது. "போயிந்தா?" என்று கேட்டார், போய்விட்டதா என்று. மகள் இல்லை என்று தலையாட்டினாள். வெளியே யாரோ முள்ளைத் தாண்டி வந்து கதவைத் தட்டினார்கள். கட்டில் லேசாக அதிர்ந்தது.

அந்த அம்மாள் திட்டவில்லை. மகளிடம் வேகமாக ஒன்று கேட்டார், அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். அதற்கு அவள் வாய் திறக்கவில்லை. நாங்கள் பின்வழியாகவே வெளியே வந்தோம்.

கார் தார் ரோட்டைத் தொட்டதும் மகளிடம், "அவங்க என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இதுக்கு உங்க அப்பாவுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்." எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள்.

"அப்புறம்?"

"ஒண்ணுமே இல்லாம, சும்மாவா எங்களுக்கு இப்படிப் பண்ணினாருன்னு கேட்டாங்க."