ஞாயிறு ஒன்றாகிப்போன வாரம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் திண்டுக்கல்லில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு, யாருக்கு என்றைக்கு டூட்டி, யாருக்கு என்றைக்கு வார லீவு என்று பட்டியல் போட்டுத் தரும் புரோகிராம் எங்களுடையது. நாங்கள் எழுதியதையெல்லாம் தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரே ஒன்றாகச் சேர்த்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து மெயில் அனுப்பும். அதை பில்ட் என்போம். மெயிலில் பிழை இருக்காது. ஆனால் எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக வரும்: இந்தக் கட்டளை பழசாகிவிட்டது, இனிவரும் பதிப்பில் இல்லாமல் போகலாம்.

"ஓடுறத எதுக்கும்மா நோண்டணும்?" என்றார் முதலாளி. நான் கேட்கவில்லை. பழைய கட்டளைகளையெல்லாம் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டேன். ஒருநாள் எச்சரிக்கையே இல்லாத மெயில் வந்தது. அலுவலகத்துக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். புதுப் புரோகிராம் மில்லுக்குப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் மாதா கோயிலில் அம்மாவோடு பூசையில் இருந்தேன். அந்த மில்லில் வேலை பார்க்கும் ஊர்ப் பெண்களும் இருந்தார்கள். நற்கருணைக்கு முன்னால் வாசலில் மில் பஸ் ஹாரன் அடித்தது. சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பஸ்ஸுக்கு ஒருத்தியும் வரலையே? லிஸ்ட்ல உங்களுக்கு இன்னைக்கு டூட்டி. வராட்டி ஆப்சென்ட்தான்."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவுல்ல அண்ணே?" என்றாள் ஒருத்தி. பூசைக்குப் போகவென்று கேட்டு வாங்கிய லீவு அது. முக்காட்டை இறக்கிவிட்டு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.

பின்னாலேயே ஓடிப்போய் லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். திங்கட்கிழமை லீவுக்காரர்களுக்கெல்லாம் இன்று லீவு என்று இருந்தது. கிழமையைச் சொல்லும் பழைய கட்டளைக்கு ஞாயிறு என்றால் பூஜ்யம், புதியதற்கு ஒன்று. ஒன்று என்பது எங்கள் புரோகிராமில் திங்கள். எல்லார் லீவும் ஒருநாள் முன்னால் நகர்ந்திருந்தது.

"இது என் தப்புண்ணே. நான்தான் மாத்துனேன்" என்றேன். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும்.

"அதை மில்லுல வந்து சொல்லுங்க" என்றார் அவர்.

பூசைச் சேலையோடு பஸ்ஸில் ஏறினேன். மில் அலுவலகத்தில் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் திங்கட்கிழமை லீவுக்காரர்களை லிஸ்டைப் பார்த்து பஸ்ஸில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள், மிஷினுக்கு ஆள் வேண்டும். யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

"விடுங்கக்கா. நாளைக்கு எங்களுக்கு லீவு தராகளாம்ல, காலப் பூசைக்குப் போய்க்கிறோம்" என்று ஒருத்தி என் கையைத் தொட்டுச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஓரிடத்தில் ஒன்றைக் கழித்தேன், சரியாகிவிட்டது. பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, ஒரு நாள் மாறினாலும் பில்டை நிறுத்தும்படி எழுதினேன். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஓர் எச்சரிக்கையை மட்டுமே தொட்டேன்.

சில வாரம் ஊருக்குப் போகாமல் டவுனிலேயே பூசை பார்த்தேன். பிறகு ஒருநாள் டவுன் பஸ்ஸில் அந்தப் பெண்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறங்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.