என் கையெழுத்து விழாத ஐந்து விண்ணப்பங்கள்

என் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பொன்னாடை இருக்கிறது. ஊதா நிறம், ஓரத்துச் சரிகை மங்கிவிட்டது. தெஹியோவிட்டவுக்கு மேலே, இறப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலைக்கு நான் அதிபராக இருந்தபோது போர்த்தப்பட்டது. சாதாரண தரப் பரீட்சையில் எங்கள் சித்தி வீதம், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு, ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானதற்காகக் கேகாலையில் ஒரு கூட்டம் வைத்துப் பாராட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். அந்தக் கை தட்டலுக்கு நான் உரியவன் அல்ல. என் உத்தியோக வாழ்க்கையில் பெருமையோடு நினைக்க எனக்கு இருப்பவர் ஒருவர்தான்: எங்கள் கணித ஆசிரியை.

அவர் அதே தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சம்பளமில்லாத தொண்டராசிரியையாக எங்கள் பாடசாலைக்கு வந்து, பிறகு நியமனம் பெற்றார். எங்களுக்கு இருந்தது ஒரே நீண்ட மண்டபம். வகுப்புகளுக்கு இடையில் சுவர் இல்லை, கரும்பலகைகளே மறைப்பு. பக்கத்து வகுப்பு செய்யுளை உரக்கச் சொல்லும்போது அதற்கு மேலே தன் குரலை உயர்த்தி அவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். வீதம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒரு நாள் அவர்களைப் பால் நிறுக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளை பால் வாளியில் மானியை மிதக்கவிட்டு, அதில் இறப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று வாசிப்பதைக் காட்டினார். அந்த அளவை வைத்துத்தான் கூலி என்பதால், வீட்டில் தினமும் அம்மா அப்பா சண்டை போடும் விஷயம்தான் அது. அன்று மாலைக்குள் வகுப்பு முழுவதற்கும் வீதம் பிடிபட்டுவிட்டது.

எனக்குத்தான் வீதம் வேறு விதமாகப் பிடித்தது. வலயக் கல்வி அலுவலகத்தின் சுவரில் ஒரு வரைபு இருந்தது. பாடசாலைகளின் சித்தி வீதங்கள் வண்ணக் கடதாசிப் பட்டிகளாக, நீளத்திலிருந்து குட்டைக்கு ஒட்டப்பட்டிருக்கும். கடைசிப் பட்டி எப்போதும் எங்களுடையது. ஒரு வருடம் அங்கே நடந்த கூட்டத்தின் தேநீர் வேளையில் இன்னொரு பாடசாலையின் அதிபர் என் காதருகே வந்தார். "மாஸ்டர், பாஸ் பண்ண மாட்டாதத எல்லாம் எதுக்கு சுமக்குறீங்க? தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதச் சொல்லிடுங்க. ரிசல்ட் உங்க ஸ்கூல் கணக்குல வராது" என்றார். வெட்கப்படுவதற்குப் பதிலாக, இது முன்பே எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

பதினோராம் தரத்தில் ஐந்து பேரைத் தெரிந்தெடுத்தேன். பாடசாலை மூலம் எழுதினால் விண்ணப்பம், அடையாள அட்டை, பரீட்சை மண்டபம் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். தனியாக எழுதுவதென்றால் அத்தனைக்கும் அவர்களே அலைய வேண்டும். சிங்களத்தில் ஒரு படிவம் நிரப்பத் தெரியாத, ஒரு நாள் வேலையை விட முடியாத பெற்றோருக்கு, அது பிள்ளையை வீட்டில் நிறுத்து என்று சொல்வதற்குச் சமம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்து மேல்பிரிவிலிருந்து நடந்து வரும் ஒரு பெண் பிள்ளையிடம், அவள் தாயின் முன்னாலேயே, "உனக்குப் படிப்பு ஏறாது பிள்ள. வேற வேலையப் பாரு" என்றேன். தாய், "சேர் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கணித டீச்சர் அந்த ஐந்து பேரின் விண்ணப்பங்களை நிரப்பி என் மேசையில் வைத்தார்.

"சேர், இதுல கையெழுத்து வைங்க."

"அதுங்க பாஸ் பண்ணாது டீச்சர்."

"பால் கொறஞ்ச மரத்தக்கூட தோட்டத்துத் தொரை ஒடனே வெட்டிச் சாய்க்கிறதில்லங்க. மறுபக்கத்துப் பட்டையில வெட்டிப் பாக்கச் சொல்வாரு. நாம இன்னும் ஒரு பக்கமே ஒழுங்கா வெட்டல."

"உங்கப்பாகிட்ட படிச்ச பாடத்த எனக்கு நடத்தாதீங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. படிவங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "எங்கப்பா ஒரு மரத்தையும் விட்டுட்டு வந்ததில்லங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு கிராம சேவகரிடம் போயிருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்த ஒரு பையனுக்காக, தன் நல்ல சிங்களத்தில் மூன்று அலுவலகங்களில் வாதாடியிருக்கிறார். பின்னேரங்களில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்துச் சீமெந்துப் படியில் வகுப்பு நடத்தியிருக்கிறார். ஆனால் இரண்டு பேரை அவராலும் பிடித்துவைக்க முடியவில்லை. ஒரு பையன் அவிசாவளையில் கடை வேலைக்குப் போய்விட்டான். மேல்பிரிவுப் பெண்ணைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த ஐவரைக் கழித்து வந்த வீதத்துக்கான பாராட்டுக் கூட்டம் முடிந்து வந்த மறுநாள், பாடசாலையில் என்னைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். டீச்சரும் வந்தார், கையில் சோக்கட்டி இருந்தது. "நல்லதுங்க சேர். நம்ம மூணு புள்ளைங்களுக்கும் ரிசல்ட் வந்திருச்சு. ரெண்டு பேரு சித்தி. மூணுக்கு ரெண்டுன்னா நம்ம வீதத்தவிடக் கூடுதலுங்க. சேத்திருந்தா ஸ்கூலுக்கு இன்னும் ஏறியிருக்கும்" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அன்று முழுவதும் நான் அலுவலகத்தைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வருடம் அவர் கொண்டுவந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டேன். எங்கள் பட்டி சுவரில் மறுபடி குட்டையானது. வலய அலுவலகக் கூட்டத்தில் கல்விப் பணிப்பாளர் காரணம் கேட்டார். எழுந்து நின்று, எங்கள் பதினோராம் தரத்தில் படித்த அத்தனை பேரும் ஒருவர் விடாமல் பரீட்சை எழுதினார்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். போன வருடம் அப்படி இல்லை என்பதையும் சொன்னேன். பணிப்பாளர், "சரி, உட்காருங்கள்" என்றார். யோசனை சொன்ன அதிபர் பின்னாலிருந்து, "என்ன மாஸ்டர், போர்த்தினதத் திருப்பிக் கேக்கப்போறாங்க பாருங்க" என்று சிரித்தார். அந்தக் குட்டைப் பட்டியின் கீழே நின்றபோது எனக்கு வந்த நிமிர்வு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அதுவும் டீச்சர் தந்ததுதான்.

சில வருடங்கள் கழித்து அந்த மேல்பிரிவுப் பெண்ணைத் தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில் கண்டேன். தீபாவளிக்கு லீவில் வந்திருந்தாள். ஓடிவந்து கும்பிட்டு, "சேர் சொன்ன மாதிரியே வேற வேலையப் பாத்துக்கிட்டேனுங்க" என்றாள். என்னைக் குத்திக்காட்ட அல்ல, என் மனம் குளிரட்டும் என்றுதான் சொன்னாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு டீச்சரே அங்கே அதிபரானார். இரண்டாயிரத்து ஒன்பதில் பரிசளிப்பு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார். மண்டபத்தில் இப்போது வகுப்புகளுக்கு இடையே சுவர் எழும்பியிருந்தது. பழைய பழக்கத்தில், "இந்த முற எத்தன வீதம் டீச்சர்?" என்று கேட்டேன்.

"முப்பத்தாறு பேருங்க சேர். முப்பத்தாறு பேரும் எழுதினாங்க" என்றார். பிறகு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டினார். "அதுல அந்தப் புள்ளைய நடுவுல கொழும்புக்கு அனுப்பிட்டாங்க. போயிக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

"எந்த வீடுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என்ன சேர், அவங்கம்மாகிட்ட கேட்டேன். கேட்டா சொல்லுவாங்கதானே?"

ஆமாம், சொல்லியிருப்பார்கள். மேல்பிரிவுக்கு நடந்தால் அரை மணித்தியாலம். அன்று கும்பிட்டுவிட்டுப் போன அந்தத் தாயும் எனக்குச் சொல்லியிருப்பாள். நான் போய்க் கேட்கவில்லை.